மஞ்சள் பலகை வங்கி

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருமகள் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தடவுகிறாயா, அல்லது அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறாயா?

கடிதம் தட்டச்சில் வருவதைக் கண்டு மருமகள் வியப்படையலாம். கீழ்வீட்டு வழக்கறிஞர் புதுத் தட்டச்சுப் பொறி வாங்கியதால் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். சும்மா வைத்திருந்தால் துருப்பிடித்துவிடும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு செய்தி. சென்ற திங்கட்கிழமை ஓய்வூதியம் வாங்கப் போனபோது, பேருந்து நிறுவனத்தின் காசாளர் ஜன்னலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூன்று முறை படித்தேன். செப்டம்பர் மாதத்திலிருந்து ஓய்வூதியம் ஜன்னலில் கிடையாது. அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆகஸ்டு 31க்குள் கணக்கு எண்ணைத் தராதவர்களுக்குத் தொகை நிறுத்தி வைக்கப்படும்.

நாற்பத்தொரு வருடம் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவன் நான். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்த எழுபத்திரண்டு வயதுவரை ஒரு வங்கிக்குள் கால் வைத்ததில்லை. சம்பளமும் ரொக்கம், ஓய்வூதியமும் ரொக்கம். மிச்சம் பிஸ்கட் டின்னில்.

கணக்கு என்று தொடங்கினால் செக் புத்தகத்தோடு தொடங்குவது என்று நினைக்கிறேன். வீட்டு வாடகைக்கு ஒரு செக் எழுதிக் கொடுப்பது மரியாதையாக இருக்கும். நான்கு மாதம் இருக்கிறது. அவசரப்படாமல், ஊரில் உள்ள வங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வேன்.

உன் அன்புத் தம்பி


மே 16

தம்பிக்கு,

அக்கா சொல்ல மருமகள் எழுதுறா. நாங்க எல்லாரும் சௌக்கியம். தைலம் தடவுறேன். (தடவுவதில்லை மாமா. மூடியே திறக்கவில்லை.) என்னடி அங்க தனியா எழுதுற?

பாங்க் ஆரம்பிக்கப் போறேன்னு எழுதினதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பாத்திர வாடகைக் கடை என் பேருக்கு வந்த வருஷமே நான் கணக்கு ஆரம்பிச்சேன். பத்தொன்பது வருஷம் ஆச்சு. உள்ள போனேன், போட்டோ கொடுத்தேன், கட்டைவிரல் வச்சேன், வெளிய வந்தேன். அன்னைக்கு வாடகைக்குப் போன நாப்பது நாற்காலி திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நீ நாலு மாசம்னு சொல்ற.

கண்ணு, பல்லு எல்லாம் எப்படி இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடுறியா? மெலிஞ்சிருக்கியா? மறைக்காம எழுது.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மெலியவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிப் பார்த்தேன், சென்ற வருடத்து எடையேதான்.

மூன்று வங்கிகளைப் பார்த்துவிட்டேன். விவரத்தை ஓர் அட்டவணையாகப் போட்டிருக்கிறேன். மருமகள் உனக்கு வாசித்துக் காட்டக் கஷ்டப்படுவாள் என்பதால் வாக்கியமாக எழுதுகிறேன்.

முதலாவது, மணிக்கூண்டுக்கு எதிரே உள்ள பெரிய வங்கி. பதினான்கு படிகள், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். காத்திருப்போருக்குப் பன்னிரண்டு நாற்காலிகள், அவற்றில் இரண்டு ஆடுகின்றன. பேனாவை நூலால் கட்டி வைத்திருக்கிறார்கள், நூல் குட்டை. விண்ணப்பத்தில் பதினோரு இடங்களில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது, கடைவீதியில் புதிதாக வந்துள்ள கண்ணாடி வங்கி. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முன்னால் ஒருவர் போகும்வரை வெளியே நின்றேன். உள்ளே நல்ல குளிர். எல்லோரும் ‘சார்’ என்றார்கள். ஏழு கையெழுத்துகள்.

மூன்றாவது, கூட்டுறவு வங்கி. நான்கே கையெழுத்துகள். மிகவும் பிடித்திருந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்து குறிப்பெடுத்த பிறகு, அது பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமான வங்கி என்று காவலாளி சொன்னார்.

மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்தும் பின்னால் போடுவதும் சற்று வேறுபட்டால் என்ன ஆகும்? பெரிய வங்கியில் ‘செக் திரும்பிவிடும்’ என்றார்கள். கண்ணாடி வங்கியில் ‘ஏன் சார் வேறுபடப் போகிறது?’ என்றார்கள். சும்மா, எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

ஏற்கெனவே அங்கே கணக்கு உள்ள ஒருவர் என்னை அறிமுகம் செய்து படிவத்தில் கையெழுத்திட வேண்டுமாம். கண்ணாடி வங்கியில் வழக்கறிஞருக்குக் கணக்கு இருக்கிறது. போட்டுத் தருகிறேன் என்றார்.

இன்னும் முடிவு செய்யவில்லை. உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

சௌக்கியம். உன் லெட்டரை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆடுற நாற்காலியை எல்லாம் எண்ணிட்டு வந்திருக்க. நாற்காலி வாடகைக்கு விடுறவ நானே அப்படி எண்ண மாட்டேன்டா.

உனக்குப் பொண்ணு பார்த்ததும் இப்படித்தான். நாலு பொண்ணு பார்த்தோம். நீ கட்டம் போட்டு, கோடு போட்டு, கூட்டிக் கழிச்சுப் பார்த்து முடிக்கறதுக்குள்ள நாலு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. மூணாவது பொண்ணு வீட்டுக்குப் பாத்திரமே நம்ம கடையிலதான் எடுத்தாங்க. பாங்கும் அப்படிக் கையை விட்டுப் போயிடாம பார்த்துக்க. (நானும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள் மாமா.)

ஒண்ணு கேக்கறேன். நான் கணக்கு வச்சிருக்கற மஞ்சள் போர்டு பாங்க் உன் ஊர்லயும் இருக்கே. சந்தைக்குப் பக்கத்துல. போன தடவை வந்தப்ப பஸ்ஸுல இருந்து நானே பார்த்தேன். அதை மட்டும் ஏன் விட்டுட்ட?

இன்னொண்ணு. லெட்டர் அடியில உன் கையெழுத்து எங்க? எனக்கு எழுத்துத் தெரியாட்டியும் அது தெரியும். பட்டத்துக்கு வால் தொங்கற மாதிரி நீளமா ஒண்ணு இழுத்து விட்டிருப்ப. மருமக வாசிச்சு முடிச்சதும் வாங்கி அதைத்தான் பார்ப்பேன். இப்ப ரெண்டு லெட்டரா அடியில வெறும் பேப்பரா இருக்கு. நல்லாத்தானே இருக்க?

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். தட்டச்சுக் கடிதத்துக்குக் கையெழுத்து அவசியமில்லை. எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கைகள் அப்படித்தான் போகும்.

கண்ணாடி வங்கி சரிப்பட்டு வரவில்லை. குளிர் அதிகம். என் குடையையும் அங்கே மறந்து வைத்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

நீ சொன்ன மஞ்சள் பலகை வங்கியையும் வாசலிலிருந்து பார்த்தேன். அட்டவணையில் சேர்க்கவில்லை. ஒரே சந்தைக் கூட்டம். கவுண்டரில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நீல மைப்பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது கைநாட்டுப் பேர்வழிகளுக்கான வங்கி. பதினொன்றாம் வகுப்புவரை முதல் மாணவனாக வந்து, ஆயுள் முழுவதும் எழுதிப் பிழைத்தவன், கடைசிக் காலத்தில் அந்த வரிசையில் போய் நிற்பதா? அதைவிட ஓய்வூதியம் நின்றுபோனால் போகட்டும்.

மற்றபடி இங்கே நல்ல மழை. கடையில் சாமான்கள் நனையாமல் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன் கடிதம் வழக்கமாகப் பன்னிரண்டாம் நாள் வந்துவிடும். தபால் தாமதமா என்று தபால்காரரைக் கேட்டேன். இல்லை என்றார். முழங்கால் மோசமாகிவிட்டதா? கடையில் ஏதாவது தொல்லையா? இரண்டு வரி போதும்.

உன் தம்பி


ஜூலை 25

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுகிறேன். அத்தை நலமாக இருக்கிறார். முழங்காலும் பரவாயில்லை. இந்தக் கடிதம் அவர் சொல்லி எழுதுவதல்ல. கடைக்குப் போயிருக்கிறார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சென்ற கடிதத்தை வாசிக்கும்போது, அந்த வங்கியைப் பற்றிய இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். அத்தை உடனே, ‘எதையோ முழுங்கிட்ட, வாசிடி’ என்றார். ஒன்றுமில்லை என்றேன். ‘எழுதப் படிக்கத்தான் தெரியாது, உன் மூஞ்சி தெரியும்’ என்றார். வாசித்துவிட்டேன்.

கோபப்படவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ‘சரியாத்தான் எழுதியிருக்கான்’ என்று மட்டும் சொன்னார். பிறகு கடைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினார். அன்றிலிருந்து, பதில் எழுதலாமா அத்தை என்று கேட்டால், ‘நாளைக்கு’ என்கிறார்.

நீங்கள் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகளே, இந்தக் கடிதத்தில் எதையும் தாண்டாமல் வாசி.

அக்கா, இதை ஐந்து முறை அடித்துக் கிழித்துவிட்டேன். ஆறாவது முறை எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வலது கை நடுங்குகிறது. எட்டு மாதமாகிறது. மருத்துவர் பார்த்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, வயதின் கோளாறு, குறையாது என்றார். தேநீரை அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை. எழுத முடியவில்லை, அதனால்தான் தட்டச்சு. வழக்கறிஞர் பொறியைத் தானாகக் கொடுக்கவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். காசாளர் ஜன்னலில் கவலை இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே பணம் கொடுப்பார், பதிவேட்டில் நான் கிறுக்குவதைப் பார்க்க மாட்டார். வங்கியில் முகத்தைப் பார்ப்பதில்லை.

கண்ணாடி வங்கியில் ஏழு இடத்தில் மூன்றில் கையெழுத்துப் போட்டேன். மேசையிலிருந்த பெண் நல்ல பெண். மெதுவான குரலில்தான் சொன்னாள்: ‘சார், மூணும் மூணு பேர் போட்ட மாதிரி இருக்கே.’ படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். குடை அங்கே தங்கியது அப்படித்தான். அன்றே பக்கத்துத் தெருவில் உன் வங்கியின் வாசலில் போய் நின்றேன். மைப்பெட்டியைப் பார்த்தேன். இனி எனக்கு அதுதான் என்று புரிந்தது. அந்தப் பயத்தில் எழுதிய கடிதம் அது.

பயத்தில் எழுதினேன் என்பது பதில் ஆகாது. எழுதும்போது உன் கட்டைவிரல் என் நினைவுக்கு வரவே இல்லை. உன்னை அந்தச் சொல்லோடு நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். யோசித்தால், அதுதான் பெரிய குற்றம் போலிருக்கிறது.

நினைவிருக்கிறதா? மரக்கிடங்கு நாய்களுக்குப் பயந்து நான் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதேன். உனக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. நீ என் பையைத் தூக்கிக்கொண்டு, நாய்கள் இருக்கும் பக்கமாக நீ நடந்து, என்னைப் பள்ளிக் கதவுவரை கொண்டுவந்து விட்டாய். ஐந்து வருடம். ஒவ்வொரு நாளும் கதவுவரை வந்தாய், உள்ளே நான் மட்டும் போனேன். ஏன் அக்கா வரவில்லை என்று நான் அப்பாவிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாய்களுக்குப் பயந்தேன், அப்பாவுக்கும் பயந்தேன், ஆனால் பயத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கேட்கவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

முதல் மாணவன் என்று பெருமையடித்திருந்தேன். அந்தப் பள்ளிக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவளைத்தான் கைநாட்டு என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டமும் இல்லை, வாலும் இல்லை. இப்போது எப்படி இருக்கிறது என்று நீயே பார்.

உன் தம்பி


ஆகஸ்டு 12

டேய் தம்பி,

பார்த்தேன். நூல் அறுந்த பட்டம் மாதிரி இருக்கு. எட்டு மாசமா ஏன்டா சொல்லல? அரைக் கோப்பை டீ குடிச்சுட்டு ‘நலம், நலம்’னு எழுதியிருக்க. எடை மிஷின்ல ஏறிப் பார்த்தேன்னு வேற.

எனக்குக் கோபம் இல்லன்னு மருமக எழுதினாளாம். இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். பாத்திரம் எல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு, அது ஒண்ணுதான் லாபம். உன் லெட்டர் வந்த அன்னைக்கு மருமக பாதி வாசிக்கும்போதே அழ ஆரம்பிச்சுட்டா. மீதியை அழுதுகிட்டே வாசிச்சா, ஒண்ணும் சரியாக் கேக்கல. மறுநாள் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

நாய்ங்க கதை பத்திச் சொல்றேன். உள்ள போகணும்னு ஆசை இருந்துச்சு. ரெண்டு நாள் கதவு பக்கத்துல நின்னு, நீங்கெல்லாம் சேர்ந்து வாய்ப்பாடு சொல்றதைக் கேட்டேன். மூணாம் நாள் வாட்ச்மேன் துரத்திட்டான். அவ்வளவுதான். அதுக்கு நீ என்ன பண்ணுவ? ஆறு வயசுப் பையன். இனிமே அதை மனசுல போட்டு அரைக்காத.

இப்ப வேலையைப் பார்ப்போம். ஆகஸ்டு முடியப் போகுது. நானும் மருமகளும் எங்க பாங்குக்குப் போனோம். ‘என் தம்பி பக்கத்து ஊர் கிளையில கணக்கு ஆரம்பிக்கணும், நான் அறிமுகம் பண்ணலாமா?’ன்னு மானேஜரைக் கேட்டேன். ‘பத்தொன்பது வருஷக் கணக்கும்மா, உங்களைவிட நல்ல அறிமுகம் யாரு?’ன்னு சொல்லி ஃபாரம் கொடுத்தார். என் ரேகையை வச்சு, அவர் சீல் போட்டுக் கொடுத்தார். இதோட வச்சிருக்கேன். தொலைச்சுடாத. குடை மாதிரி விட்டுட்டு வந்துடாத.

படிச்சவனுக்குத் தெரியாத விஷயம் சொல்றேன், கேட்டுக்க. ஆம்பளைக்கு இடது கை கட்டைவிரல். பதட்டத்துல வலதை நீட்டாத. மையை ஒத்தி எடுக்கணும், தோய்க்கக் கூடாது. முதல்ல ஒரு வேஸ்ட் பேப்பர்ல ஒண்ணு வச்சுட்டு, ரெண்டாவதைத்தான் ஃபாரத்துல வைக்கணும். அழுத்தாத. ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு லேசா உருட்டி எடு. முடிஞ்சதும் தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சா மை போயிடும், சட்டையில துடைக்காத. வரிசையில நிக்கிறவங்க எல்லாம் என்னை மாதிரி ஆளுங்கதான், கடிக்க மாட்டாங்க.

இடது கை நடுங்கலையே?

அக்கா


ஆகஸ்டு 30

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கை நடுங்கவில்லை. உன் முழங்காலுக்கு, வங்கிக்கு நடந்ததில் ஒன்றும் ஆகவில்லையே?

நேற்று முன்தினம் கணக்குத் தொடங்கினேன். நேற்றே கணக்கு எண்ணைக் காசாளர் ஜன்னலில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாக. நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில்கூட இவ்வளவு நெருக்கத்தில் எதையும் முடித்ததில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் வெங்காய மூட்டை சுமப்பவர், பின்னால் ஒரு பூக்காரப் பெண். மூட்டை சுமப்பவர் திரும்பிப் பார்த்து, ‘பெரியவரே, புதுசா? பணம் எடுக்க அந்தப் பக்கம், புதுக் கணக்குக்கு இந்தப் பக்கம்’ என்று என் கையைப் பிடித்து இடம் மாற்றி விட்டார். பக்கத்தில் நாய் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

படிவத்தைப் பார்த்த அலுவலர், ‘அறிமுகம் செய்தவர் யார்?’ என்று கேட்டார். என் அக்கா என்றேன். அவர் உன் ரேகையைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, ‘இவ்வளவு சுத்தமாக யாரும் வைப்பதில்லை’ என்றார். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ‘பத்தொன்பது வருடமாக வைக்கிறார்’ என்றேன். இவ்வளவு உரக்க நான் எந்த அலுவலகத்திலும் பேசியதில்லை.

பிறகு என் முறை. நீ சொன்னதை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசை எண் போட்டு அடித்து எடுத்துப் போயிருந்தேன். ஒத்தி எடு, வேஸ்ட் பேப்பர், உருட்டு. ஐந்தே இடங்கள். அலுவலர் படிவத்தை வாங்கி முத்திரை குத்தினார், எனவே சரியாக இருந்திருக்கும்.

ரேகைக் கணக்குக்குச் செக் புத்தகம் கிடையாதாம். வாடகையைக் கையில் கொடுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் அதைத்தான் விரும்புகிறார் என்று இன்று கேட்டபோதுதான் தெரிந்தது. முதலிலேயே கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் கண்ணாடி வங்கிக்குப் போய், கதவைத் தள்ளித் திறந்து, குடையை வாங்கி வந்தேன்.

இதன் அடியில் இருப்பது என் இடது கை கட்டைவிரல். இனி என் கடிதங்களில் இதுதான் இருக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

உன் அன்புத் தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கு, தைலம் பாதி தீர்ந்துடுச்சு. (உண்மைதான் மாமா, நான் சாட்சி.)

உன் ரேகையைப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்திட்ட. நடுவுல மை அப்பியிருக்கு. வேஸ்ட் பேப்பர்ல வைக்காம நேரா லெட்டர்ல வச்சிருப்ப, அதான். அடுத்த லெட்டருக்குள்ள சரியாயிடும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆச்சு.

டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடி. அரை டீ குடிச்சுட்டு இருக்காத.

உன் ஊர் பாங்க் ஆபீசர் என் ரேகையைப் பத்திச் சொன்னதை மருமக மூணு தடவை வாசிச்சா. நான் கேக்கல, அவளாத்தான் வாசிச்சா. (கேட்டார்.)

மைப்பெட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். உன் லெட்டரையே திருப்பி அனுப்புறேன், அடியில பாரு. உன் விரலுக்குப் பக்கத்துலயே என்னுதையும் வச்சிருக்கேன். உன்னுது இடது, என்னுது வலது. சேர்த்துப் பார்த்தா ஒரே ஆளோட ரெண்டு கை மாதிரி இருக்கு. மருமகளைக் கேட்டேன், அவளுக்கு எது யாருதுன்னு சொல்லத் தெரியல.

நீ பதினொண்ணாவது வரைக்கும் படிச்சவன்தானே? வாசிச்சுச் சொல்லு பார்ப்போம்.

அக்கா